இரவலுக்கு முன் பட்டியல்

காஞ்சிபுரத்தின் வரலாற்றையும் இலக்கியத்தையும் ஆராயும் மாணவர், தம் கல்லூரி நூலகத்தில் கிட்டாத பழம்பதிப்பைத் தேடிச் சென்னைக்குச் செல்ல நேர்கிறது. ஒரு நூலகம் தன்னிடம் இல்லாததைப் பிறிதொரு நூலகத்திடம் இரவல் பெற்றுத் தரும் முறை நமக்குப் புதிதன்று. தில்லியில் 1988இல் தொடங்கப்பெற்ற டெல்நெட் இப்பணியைச் செய்துவருகிறது. பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டு நூற்பட்டியலை இன்ஃபிளிப்நெட் நடுவம் பேணுகிறது. எனினும் இவற்றால் தமிழாய்வு முழுப்பயன் பெறவில்லை.

தலையாய தடை அஞ்சற்செலவன்று, பட்டியலே என்பது என் கருத்து. இரவல் கேட்பதற்கு நூல் இருக்கும் இடம் முதலில் தெரியவேண்டும். தமிழ் நூற்பெயர்கள் பல பட்டியல்களில் உரோமன் எழுத்தில், ஒரே நெறியின்றிப் பதியப்பட்டுள்ளன. சிவஞான முனிவரின் காஞ்சிப் புராணத்தைத் தேடுவோர், 'காஞ்சி' என்னும் சொல்லுக்கே பல எழுத்துக்கூட்டல்களை முயலவேண்டும். ஊர்ப்பெயரோ பழைய ஆங்கில நூல்களில் 'கான்ஜீவரம்' என நிற்கும். ஒரு வடிவில் தேடுபவர்க்கு மற்றொரு வடிவில் பதிந்த நூல் அகப்படாது. இருக்கும் நூல் இல்லாத நூலாகிறது. பதிப்பாண்டும் பதிப்பாசிரியர் பெயரும் விடுபட்டிருப்பின், பாடவேறுபாடு காண்போர் எப்பதிப்பைக் கேட்பது என்றே அறியார்.

நொய்ந்த பழம்பதிப்புகளை வெளியே அனுப்பலாகாது என்பர். அது சரியே; பதிப்புரிமைக் காலம் கடந்த நூலாயின் வேண்டிய பக்கங்களின் படியை அனுப்பலாம். அதற்கும் பட்டியலே வாயில். ஆகவே, தம் நூலகத்துத் தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்திலேயே, பதிப்பு விவரங்களுடன் பதியும் பணியில் தமிழ்த்துறைகள் நூலகர்க்குத் துணைநிற்றல் வேண்டும். முதுகலை மாணவரின் பதிப்பியல் பயிற்சியாகவே இதனை அமைக்கலாம். காஞ்சியில் உறங்கும் நூல்களும் அப்போதுதான் பிறவூர் ஆய்வாளர்க்குப் புலப்படும்.