சேறு யாருக்குப் பாடம், யாருக்கு அழுக்கு?

சின்னப் பிள்ளைகளை நாலு சுவத்துக்குள்ள அடைக்காதே, மரத்தடிக்குக் கூட்டிப்போ, சேத்துல விளையாட விடு என்கிற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. டென்மார்க்கில் 1950களிலேயே இப்படி ஆரம்பித்துவிட்டார்கள். ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்க் நகரில் 1993இல் காட்டு மழலையர் பள்ளிக்கு அரசு அங்கீகாரமே கிடைத்தது. மழையோ பனியோ, பிள்ளைகள் வெளியேதான். நல்ல விசயம். யார் வேணாம்னா?

ஆனால் நம்ம சேரிப் பிள்ளைக்கு இது புதுசா? நண்டு வளை எது, எலி வளை எது என்று அஞ்சு வயசிலேயே பிரித்துச் சொல்லும். அந்த அறிவைப் பள்ளிக்கூட வாசலிலேயே கழட்டி வைக்கச் சொல்கிறார்கள். 'எலி புடிக்கிற பய' என்பது அங்கே வசவு. பணம் கட்டிப் படிக்கிற பிள்ளையின் காலில் ஒட்டினால் பாடம், நம்ம பிள்ளை காலில் ஒட்டினால் அழுக்கு. சேறு என்னவோ ஒண்ணுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன? மூணு மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில். சுவருக்கு வெளியேயும் கல்வி இருக்கிறது என்றுதான் அதற்கும் நியாயம் சொன்னார்கள். நம்ம பிள்ளைக்கு வெளியே என்ன இருந்தது? செத்த மாடும் பண்ணை வேலையும்தான். பெரியார் இயக்கம் எதிர்த்து நின்றது. 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் ஒழிந்தது. நாளெல்லாம் வெயிலில் களை பறித்துவிட்டு வருகிற தாய், 'எம்புள்ள ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து படிக்கட்டும்'னு சொன்னால், இயற்கையின் அருமை தெரியாதவள் என்று அவளுக்கு வகுப்பெடுக்காதீர்கள் தோழர்களே. அவளுக்குத் தெரிஞ்ச இயற்கை நமக்குத் தெரியாது.

அப்படியானால் நமக்கு இது வேண்டாமா? வேண்டும். சேரி அங்கன்வாடிக்குத்தான் முதலில் வேண்டும். எங்கே கூட்டிப்போவது? ஊருணிக்கா, கோயில் தோப்புக்கா? 1927இல் மகாத் குளத்துத் தண்ணீரைத் தொட்டதற்கே அடித்தார்கள். இன்றைக்கும் ஊர்ப் பொதுவெல்லாம் நமக்குப் பொதுவில்லை. ஆயா பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு ஊர்த்தெருவைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போய் வரட்டும், பார்ப்போம்.

ஆக, இது நிலத்துப் பிரச்சினை. 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் யார் கையிலோ கிடக்கிறது. அதைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். மீட்கிற நிலத்தில் அங்கன்வாடிக்கென்று அரை ஏக்கர், நாலு புளியமரம், ஒரு கிணறு. கட்டடமும் வேணும், ஃபேனும் வேணும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் மறுத்ததையும் எழுதி வாங்குங்கள்.