நல்ல நெஞ்சுக்கு எதற்குப் படம்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் மருத்துவ முகாம் என்றால் ஒரு கோரிக்கை எழும்: "இளந்தாரிகள் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒருதரம் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும்." லயத்து நெருக்கடியும் அடுப்புப் புகையும் அறிந்தவர்கள் கேட்பது. அக்கறை சரி, கணக்குத்தான் பிசகு.

காசநோய் முளையிலேயே பிடிபடுமாம். நோய்க்குறியே இல்லாத 10,000 பேரில், தாராளமாகவே, 10 பேருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, காசநோய்ச் சாயல் தேடி எடுக்கும் எக்ஸ்ரே, நோயாளிகளில் 85 சதவீதத்தினரைக் காட்டும். நோயில்லாதவர்களிலும் 4 சதவீதத்தினர் சிக்குவார்கள். எட்டொன்பது பேரைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 400 பேருக்கு வீண் சந்தேகம். அவர்கள் சளி கொடுக்க பஸ் ஏறி மார்புநோய் சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டும். அன்றைக்குப் பேர் விழாது, நாட்கூலி போய்விடும். முடிவு வருவதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவி, பேசிவைத்த கலியாணம்கூட நின்றுபோகலாம்.

படம் சுத்தமென்றால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை என்பதும் தவறு. படம் அன்றைய நுரையீரலை மட்டுமே காட்டும். உள்ளே உறங்கும் கிருமி அதில் தெரியாது. அடுத்த மாதம் இருமல் வந்தாலும் "போனமாதம்தானே படம் எடுத்தோம்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஊர் ஊராக வண்டி கொண்டுபோய் எல்லாருக்கும் படமெடுக்கும் முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1974இலேயே சொல்லிவிட்டது.

புற்றுநோயாவது தெரியுமே? அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுவரையான ஒன்றரை லட்சம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆண்டுதோறும் படமெடுத்தார்கள். 2011இல் வந்த முடிவு: நுரையீரல் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. அந்த வயதிலேயே இப்படியென்றால் இருபது வயதுக்கு என்ன கிடைக்கும்?

மத்திய கிழக்குக்குப் போகிறவர்களிடம் படம் கேட்கிறார்களே என்பார்கள். அது அந்நாடுகள் தங்களுக்காக வைத்த விதி. (மறுபக்கத்தில் சிலர் கதிர்வீச்சைக் காட்டிப் பயமுறுத்துவதும் மிகை, ஒரு படத்தின் அளவு, ஒன்றிரண்டு வாரத்தில் இயற்கையாகவே உடலில் படுவதைத் தாண்டாது.)

படம் தேவைப்படுகிறவர்கள் வேறு. சளியில் கிருமி கண்டவரோடு ஒரே காம்பிராவில் படுத்தவர்களை வயது பாராமல் தேடிப்போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவருக்குச் சளிப் பரிசோதனையும் படமும் வேண்டும். காசநோய் என்றால் அரசு நிலையத்தில் ஆறு மாத மருந்து இலவசம். விறகடுப்பின் முன் ஆயுள் முழுக்கக் குந்தியிருந்த பாட்டி இருமினால் மட்டும் "வயசுதானே" என்று விட்டுவிடுகிறோம். முகாமில் படத்துக்கான முதல் துண்டு அவருக்குத்தான் எழுத வேண்டும்.