ஒரு சொட்டு எவ்வளவு? வேப் ஃப்ளேவர் பாட்டிலின் மூடிக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

கேக் செய்ய வாங்கிய வெனிலா எசன்ஸ் பாட்டில் ஒன்று உங்கள் சமையலறை அலமாரியில் இருக்கலாம். 20 மி.லி. அளவு, சின்ன மூடி, இரண்டு சொட்டு விட்டாலே மணக்கும். வெளிநாடுகளில் இ-சிகரெட் திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்பவர்கள் வாங்கும் ‘ஃப்ளேவர் கான்சன்ட்ரேட்’டும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். மணமூட்டியைப் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து, டிராப்பர் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். அதில் நிகோட்டின் இருக்காது. நிகோட்டின் இன்னொரு பாட்டிலில் தனியாக வரும். இரண்டும் சேர்வது வீட்டு மேஜையில்.

சிக்கலும் அந்த மேஜையில்தான் ஆரம்பிக்கிறது. பல நாடுகளில் பாட்டிலுக்கான கடுமையான விதிகள் எல்லாம் நிகோட்டின் இருந்தால்தான் பொருந்தும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு நிகோட்டின் பாட்டிலும் ஸ்ட்ராபெர்ரி பாட்டிலும் ஒன்றுதான். ஒரு மூடி, ஒரு முனை, ஒரு டிராப்பர் எப்படி சர்வதேச சட்ட விவகாரம் ஆனது? இ-சிகரெட்டையே தடை செய்துவிட்ட இந்தியாவுக்கு இதில் என்ன இருக்கிறது? பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

காரணம், ரெடிமேடாகக் கிடைக்கும் வேப் திரவத்துக்குப் பல பக்கமும் நெருக்கடி. பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப் கருவிகளின் விற்பனையைத் தடை செய்தது. அடுத்ததாக, 2026 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மி.லி. வேப் திரவத்துக்கும் 2.20 பவுண்டு வரி என்று அறிவித்தது. நிகோட்டின் இல்லாத திரவமும் இதில் அடக்கம்.

அமெரிக்காவில் ஃப்ளேவர் கலந்த வேப் திரவங்களுக்கு உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி மறுத்தது நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எஃப்.டி.ஏ. பக்கமே ஒருமனதாக நின்றது. அந்த வழக்குக்குப் போனவை பாட்டிலில் ஃப்ளேவர் திரவம் விற்கும் நிறுவனங்கள்.

ரெடிமேட் சரக்கு விலை ஏறினாலோ கிடைக்காமல் போனாலோ, ஒரு பகுதியினர் வீட்டிலேயே கலக்கத் தொடங்குவது எதிர்பார்க்கக்கூடியதுதான். அப்போது தொழிற்சாலையில் நடந்த வேலை சமையலறைக்கு வரும். கூடவே பாட்டில்களும் வரும்.

பாட்டிலுக்குள் சட்டம் எப்படி வந்தது?

அமெரிக்க விஷ முறிவு ஆலோசனை மையங்களுக்கு இ-சிகரெட் தொடர்பாக 2010 செப்டம்பரில் வந்த அழைப்பு ஒன்றே ஒன்று. 2014 பிப்ரவரியில் அது மாதத்துக்கு 215 ஆனது. அவற்றில் பாதிக்கு மேல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடர்பானவை. இந்தக் கணக்கை வெளியிட்டது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.

அதே ஆண்டு டிசம்பரில், நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் பிளெயின் என்ற சிற்றூரில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிகோட்டினை விழுங்கி இறந்தது. பிறகு 2016 ஜனவரியில் ‘குழந்தைகள் நிகோட்டின் நச்சுத் தடுப்புச் சட்டம்’ கையெழுத்தானது. திரவ நிகோட்டின் பாட்டில் எதுவாக இருந்தாலும், குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜூலை மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

அந்த மூடியைக் குழந்தையால் திறக்கவே முடியாதா?

முடியும். பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டிய மூடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1960-களின் கடைசியில் கனடாவின் விண்ட்சர் நகரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவரின் முயற்சியால் பரவிய வடிவம் அது. அமெரிக்காவில் இதற்கு ஒரு பரிசோதனை உண்டு. 42 முதல் 51 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுத்து 5 நிமிடம் விடுவார்கள். பிறகு திறப்பது எப்படி என்று செய்து காட்டி, வேண்டுமானால் பல்லால் கடித்தும் திறக்கலாம் என்று சொல்லி, இன்னும் 5 நிமிடம் கொடுப்பார்கள். முதல் கட்டத்தில் 85 விழுக்காடு குழந்தைகள், முடிவில் 80 விழுக்காடு குழந்தைகள் திறக்க முடியாமல் போனால் மூடி பாஸ். அதே மூடியை 50 முதல் 70 வயதுக்காரர்களில் 90 விழுக்காட்டினர் திறந்து, திரும்ப மூடவும் வேண்டும்.

அதாவது, பாஸான மூடியையும் ஐந்தில் ஒரு குழந்தை 10 நிமிடத்தில் திறந்துவிடலாம். மூடி நமக்கு வாங்கித் தருவது சில நிமிட நேரம்தான். பெரியவர்கள் யாராவது திரும்பிப் பார்ப்பதற்கான நேரம். மூடியைச் சரியாக இறுக்காமல் வைத்தால் அதுவும் கிடைக்காது.

மூடி திறந்துவிட்டால்?

அடுத்த காவல் முனை. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் இதை இரண்டு விதமாக யோசித்திருக்கின்றன.

ஐரோப்பிய விதிப்படி நிகோட்டின் பாட்டிலின் முனை குறைந்தது 9 மி.மீ. நீளம் இருக்க வேண்டும், கருவியின் தொட்டி வாய்க்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியாகவும் இருக்க வேண்டும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால், பிதுக்காமல், நிமிடத்துக்கு 20 சொட்டுக்கு மேல் விழக் கூடாது. சிந்தாமல் ஊற்றுவதுதான் இங்கே நோக்கம். முனை வைக்காவிட்டால், கருவியில் பொருத்தினால் மட்டுமே திரவத்தை விடும் அமைப்பு இருக்க வேண்டும்.

அமெரிக்க விதி பிதுக்குவதையும் கணக்கில் எடுக்கிறது. திறந்த பாட்டிலைக் கவிழ்த்து ஒருமுறை குலுக்கினாலோ பிதுக்கினாலோ 2 மி.லி.-க்கு மேல் வரக் கூடாது. குழந்தை பாட்டிலை வாயில் வைத்து அமுக்கும் என்பதை மனதில் வைத்து எழுதிய விதி மாதிரி இருக்கிறது.

இந்த இரண்டு விதிகளிலும் நன்றாகத் தேறுவது, பேனா மாதிரி நீளமாக, மெல்லிய முனையோடு வரும் பிளாஸ்டிக் பாட்டில். வேப் உலகில் அதன் செல்லப்பெயர் ‘யூனிகார்ன் பாட்டில்’.

கண்ணாடி டிராப்பர் பார்க்க நல்லாத்தானே இருக்கு?

இருக்கு. கண்ணாடிக்கு ஒரு நிஜமான நன்மையும் உண்டு: மணமூட்டி எண்ணெய்கள் அதை ஒன்றும் செய்யாது. லவங்கப்பட்டை, எலுமிச்சை வகை ஃப்ளேவர்கள் சில கடினப் பிளாஸ்டிக்குகளை விரிசல் விட வைத்துவிடும். மென்மையான பிளாஸ்டிக் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் டிராப்பரை வெளியே எடுத்த நொடியில் கையில் இருப்பது வாய் அகன்ற ஒரு திறந்த பாட்டில். தட்டிவிட்டால் மொத்தமும் கொட்டும். முனை என்ற காவலே அங்கு கிடையாது. டிராப்பரின் ரப்பர் குமிழும் ஃப்ளேவர் பட்டுப்பட்டுக் கெடும். நிகோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால், கை மேல் கொட்டுவதும் சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, நம் ஊர் வீடுகளுக்கு நெருக்கமானது. டிராப்பர் என்றால் இங்கே குழந்தைக்கு என்ன ஞாபகம் வரும்? காய்ச்சலுக்குக் கொடுத்த இனிப்பான சொட்டு மருந்து. மாம்பழ வாசனையோடு ஒரு டிராப்பர் பாட்டில் கையில் கிடைத்தால் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சொட்டு எவ்வளவு?

20 சொட்டு ஒரு மி.லி. என்று பள்ளியில் படித்த ஞாபகம் இருக்கும். அது தண்ணீருக்கான தோராயக் கணக்கு. சொட்டின் எடையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: முனையின் அகலமும் திரவத்தின் பரப்பு இழுவிசையும். புரோப்பிலீன் கிளைக்காலின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதில் ஏறக்குறைய பாதி. அதனால் அதே முனையில் அதன் சொட்டும் பாதி அளவுக்குச் சிறுத்துவிடும். பாட்டிலை மாற்றினால், முனை அகலத்தைப் பொறுத்து கணக்கு மறுபடி மாறும்.

ஃப்ளேவர் கூடிக் குறைந்தால் சுவை கெடும், அவ்வளவுதான். நிகோட்டின் அப்படி இல்லை. அமெரிக்காவில் ஒரு மி.லி.-க்கு 100 மி.கி. செறிவுள்ள நிகோட்டின் திரவம்கூட வீட்டில் கலப்பவர்களுக்கு விற்கப்படுகிறது. அதில் 10 மி.லி. என்றால் 1,000 மி.கி. ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்ட உச்சம் ஒரு மி.லி.-க்கு 20 மி.கி., பாட்டில் 10 மி.லி.; ஆக மொத்தம் 200 மி.கி. முழு பாட்டிலும் கொட்டினாலும் சேதம் ஐந்தில் ஒரு பங்கு. பாட்டில் அளவுக்கு வரம்பு வைத்ததன் அர்த்தம் இதுதான்.

விதி வந்தால் ஓட்டையும் வருமே?

வந்தது. ஐரோப்பாவின் 10 மி.லி. வரம்பு நிகோட்டின் உள்ள திரவத்துக்கு மட்டும். அதனால் பிரிட்டனில் ‘ஷார்ட்ஃபில்’ என்று ஒரு சரக்கு பிறந்தது. 60 மி.லி. பாட்டிலில் 50 மி.லி. ஃப்ளேவர் திரவம், நிகோட்டின் பூஜ்யம், மேலே கொஞ்சம் காலி இடம். பக்கத்திலேயே 10 மி.லி. நிகோட்டின் பாட்டில், ஒரு மி.லி.-க்கு 18 மி.கி. வீட்டுக்குப் போய் முனையைக் கழற்றி ஊற்றிக் குலுக்கினால், ஒரு மி.லி.-க்கு 3 மி.கி. நிகோட்டினோடு 60 மி.லி. தயார்.

சட்டம் மீறப்படவில்லை. ஆனால் சட்டம் தவிர்க்க நினைத்த பெரிய நிகோட்டின் பாட்டில் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதன் லேபிளில் ‘நிகோட்டின் இல்லை’ என்றே அச்சடித்திருக்கும். இந்த வடிவம் பிறந்தது விதியால். ஆபத்து ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவே.

பாட்டிலோடு கதை முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அமெரிக்க விஷ முறிவு மையங்களில் இ-சிகரெட் தொடர்பாகப் பதிவானவை 7,043. அதில் சுமார் 88 விழுக்காடு 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்தக் காலத்தில் சந்தையைப் பிடித்தது தூக்கிப்போடும் வேப் கருவிகள். அவற்றில் திறக்க மூடியே கிடையாது, வாயில் வைத்தால் போதும்.

சரி, இந்தியாவில்?

இங்கே 2019 முதல் இ-சிகரெட் தடைச் சட்டம் அமலில் இருக்கிறது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “இதுல நிகோட்டின் இல்ல, அதனால லீகல்” என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஃப்ளேவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திரவத்தைச் சூடாக்கி உள்ளிழுக்க வைக்கும் மின்னணுக் கருவி தடைக்குள் வரும் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது.

ஆனால் அந்த வரையறை கருவியை மையமாகக் கொண்டது. மணமூட்டி என்பது உணவுப் பொருளாகவே கடையில் கிடைக்கிறது. ‘ஃபுட் கிரேடு’ என்ற லேபிள் சாப்பிடுவதற்கான உத்தரவாதம் மட்டுமே. சூடாக்கி நுரையீரலுக்குள் இழுப்பதற்கு அது பொருந்தாது.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம். தடைச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2023 மே மாதம் பொது அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. சரக்கு கள்ளத்தனமாக வருகிறது என்றால், அதோடு வரும் பாட்டிலுக்கு மூடிப் பரிசோதனை கிடையாது, முனை விதி கிடையாது, லேபிளில் போட்டிருக்கும் செறிவு உண்மையா என்று பார்க்க ஆளும் கிடையாது. அதற்காகத் தடை தேவையில்லை என்று ஆகாது. தடையால் செய்ய முடியாத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது.

அந்த வேலை வேப்போடு நிற்பதும் இல்லை. வீட்டில் புழங்கும் ஆபத்தான பொருட்களுக்குக் குழந்தைப் பாதுகாப்பு மூடி வேண்டும் என்று அமெரிக்கா 1970-லேயே பொதுச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு இணையான பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்த கதை நம் ஊர் அரசு மருத்துவமனைகளுக்குப் பழக்கமானது. பாட்டிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், டாய்லெட் கிளீனர், கொசுவிரட்டித் திரவம் எல்லாமே பட்டியலில் வரும்.

நீங்கள் செய்யக்கூடியது

அறை நண்பரோ உறவினரோ இதைப் பயன்படுத்துபவராக இருக்கலாம். வெளிநாட்டில் குழந்தையோடு நீங்களே அப்படி ஒரு வீட்டில் தங்கியிருக்கலாம். நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்.

• எந்தத் திரவத்தையும் மருந்து பாட்டிலுக்கோ எசன்ஸ் பாட்டிலுக்கோ மாற்றி வைக்காதீர்கள். கண் மருந்து இருக்கும் அலமாரியில் வைக்கவே வேண்டாம்.

• ‘நிகோட்டின் இல்லை’ என்ற லேபிளை நம்பி எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று லேபிளுக்குத் தெரியாது.

• குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தோலில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். வாந்தி, அதிக எச்சில், வியர்வை, வெளிறிப்போதல் ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். வலிப்பும் மூச்சுத்திணறலும் பின்னால் வரலாம். அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 108 அல்லது 112-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

• மருத்துவமனைக்குப் போகும்போது அந்த பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன திரவம், எவ்வளவு செறிவு, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.