வாக்குப்பெட்டியும் பிளவும்

மக்களை ஒன்றுசேர்க்கும் என்று நம்பி நடத்தப்படும் முதல் பொதுத்தேர்தலே ஒரு நாட்டின் பிளவை ஆழப்படுத்துவதும் உண்டு. பாகிஸ்தானின் வரலாறு இதற்குச் சான்று.

1947இல் தோன்றிய அந்நாடு, இந்தியாவை இடையே கொண்டு, ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் இடைவெளியில் கிழக்கு, மேற்கு என இரு பகுதிகளாக அமைந்திருந்தது. மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் கிழக்கில் வாழ்ந்தனர்; அவர்தம் தாய்மொழி வங்காளம். ஆட்சியும் படையும் மேற்கின் கையில் இருந்தன. தம் மொழிக்கு உரிமை கேட்ட மாணவர்கள் 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

வயதுவந்தோர் அனைவரும் நேரடியாக வாக்களித்த முதல் பொதுத்தேர்தல், 23 ஆண்டுகள் கழித்து, 1970 டிசம்பரில்தான் நடைபெற்றது. நேரடித் தேர்தலுக்குரிய 300 இடங்களுள் கிழக்கிற்கு உரியவை 162. அவற்றுள் 160 இடங்களை ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் வென்றது. மேற்கில் அதற்கு ஓரிடமும் கிட்டவில்லை. மேற்கில் முதலிடம் பெற்ற சுல்பிகர் அலி புட்டோவின் மக்கள் கட்சியோ கிழக்கில் வேட்பாளரையே நிறுத்தவில்லை. மறுபகுதியின் வாக்கு இல்லாமலே வெல்ல முடியும் என்ற நிலையில், அதன் நெஞ்சைத் தொடும் முயற்சி எதற்கு?

முந்தைய இரு அரசமைப்புகளும் கைவிடப்பட்டிருந்தமையால், புதியதை எழுதும் பொறுப்பும் வென்றோரிடமே சென்றது. கிழக்கின் பெரும்பான்மை தம்மைக் கட்டுப்படுத்திவிடும் என மேற்கின் ஆட்சியாளர் அஞ்சினர். 1971 மார்ச் 1 அன்று யாகியா கான் பேரவைக் கூட்டத்தை ஒத்திவைத்தார். மார்ச் 25 இரவு படை ஏவப்பட்டது. எண்ணற்றோர் மாண்டனர், ஏறத்தாழ ஒரு கோடிப்பேர் ஏதிலிகளாய் இந்தியாவிற்குள் வந்தனர். டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தது. வங்காளதேசம் விடுதலை பெற்றது.

அப்படியாயின் தேர்தல் தீதா? அன்று. பிளவைத் தேர்தல் படைக்கவில்லை. பரவிக் கிடந்த மனக்குறையை எண்ணிக்கையாக்கி எதிரெதிரே நிறுத்தியது. அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்ததே நாட்டைப் பிளந்தது. இந்தியா 1950இல் அரசமைப்பை நடைமுறைப்படுத்திய பின்னரே 1951–52இல் முதல் பொதுத்தேர்தலைக் கண்டது. வெல்வோர் யார் என்று அறியுமுன்பே, தோற்போரின் உரிமை எழுத்தில் உறுதி பெற்றிருந்தது. இந்த வரிசைமுறை மிக இன்றியமையாதது என்பது என் கருத்து.

இன்னும் ஈராண்டில் வாக்குரிமை பெறவிருக்கும் மாணவர்களே! நாம் விரும்பியவர் வெல்லும்போது மகிழ்வது எளிது. விரும்பாதவர் வென்றபோதும் அத்தீர்ப்பை மதிப்பதும், வென்றபின் தோற்றவரின் குரலுக்குச் செவிசாய்ப்பதுமே மக்களாட்சியைக் காக்கும்.