வாசர் காசில் மிச்சம் பிடிக்கலாமா?

கொள்முதலில் காசுக்குக் கணக்குப் பார்ப்பது வணிகனுக்கு அழகு. மூட்டைக்கு ஒரு ரூபாய் குறைத்து வாங்கினால் அதுவே லாபம் என்பது நம் முன்னோர் கற்றுத் தந்த பாடம். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று பகுத்துப் பார்ப்பதும் அதே பாடத்தில் அடக்கம். சரக்கு வண்டிக்கு ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டுக்குப் புது வாசர் போடுவது, மிச்சம் பிடிக்கக் கூடாத இனங்களில் ஒன்று என்பது நமது உறுதியான கருத்து.

சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், கல்பாக்கம், திருக்கழுக்குன்றம் வட்டாரத்து மளிகைக் கடைகளுக்குச் செங்கல்பட்டிலிருந்தோ சென்னையிலிருந்தோதான் பெரும்பாலான சரக்கு வர வேண்டும். 2005இல் டாடா ஏஸ் வந்து, அதற்கு நம் மக்கள் ‘குட்டியானை’ என்று பெயரும் வைத்த பிறகு, சிறு வணிகரும் சொந்த வண்டி வைத்துக்கொள்ள வழி பிறந்தது. ஆனால் நம்மில் பலருக்கு இருப்பது ஒரே வண்டி. அதுவும் கடனில் வாங்கியது. என்ஜின் படுத்துவிட்டால் சரக்கு வராது. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சேம்பரில், பழைய ஆயிலை இறக்குவதற்கென்று ஒரு போல்ட் இருக்கிறது. போல்ட்டின் தலைக்கும் சேம்பருக்கும் நடுவே இருப்பதுதான் இந்த வாசர். பெரும்பாலும் செம்பு அல்லது அலுமினியத்தால் ஆனது. இவை மெத்தென்ற உலோகங்கள். போல்ட்டை முடுக்கும்போது வாசர் நசுங்கி, இரண்டு பக்கத்திலும் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது. ஒரு முறை நசுங்கிய வாசர் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். கழற்றித் திரும்பப் போட்டால் பழைய இடத்தில் அப்படியே பொருந்தாது. செம்போ, நசுங்க நசுங்க இறுகிப் போகும்.

“இத்தனை வருஷமாகப் பழைய வாசரைத்தான் போடுகிறோம், ஒரு சொட்டும் ஒழுகவில்லையே” என்று சொல்வோர் உண்டு. அது பொய்யல்ல. பழைய வாசர் போட்ட வண்டியெல்லாம் மறுநாளே ஒழுகிவிடாது. செம்பு வாசரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆற வைத்தால் மீண்டும் இளகும் என்பதும் பழைய மெக்கானிக்குகள் அறிந்த கைவேலைதான். ஆனால் இன்று அப்படிக் காய்ச்சிப் போட யாருக்கு நேரம் இருக்கிறது?

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய வாசரில் கசிவு தெரிந்தால், அதை நிறுத்த ஸ்பேனரை இன்னும் ஒரு முறை அழுத்தித் திருப்புவார்கள். அடுத்த ஆயில் மாற்றத்தில் இன்னும் கொஞ்சம். இப்படியே போனால் ஒரு நாள் மரை போய்விடும். சேம்பர் அலுமினியமாக இருந்தால் இது இன்னும் சுலபத்தில் நடக்கும். பிறகு மரை புதிதாகப் போட வேண்டும். அல்லது சேம்பரையே மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு தேநீர் விலையில் முடிய வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் இழுத்துவிடும். கசிவைக் கவனிக்காமலே ஓட்டினாலோ, ஆயில் குறைந்து பேரிங் தேய்ந்து, கடைசியில் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

நம் கடற்கரை ஊர்களில் கூடுதல் கவனம் தேவை. உப்புக் காற்றில் இரும்புப் போல்ட் துருப்பிடிக்கும். அதை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் தலை மழுங்கும். கசிந்த ஆயிலில் மணல் ஒட்டிக்கொள்வதால் கசிவு கண்ணுக்குப் படாமலே இருக்கும்.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பில்லில் ‘வாசர்’ என்று ஒரு வரி இருந்தால், “இது எதற்கு?” என்று கேட்டு அடிக்கச் சொல்பவர் பல நேரங்களில் நாம்தான். நம் கடையில் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசும் வாடிக்கையாளரிடம் வருத்தப்படும் நாம், அடுத்தவர் தொழிலில் அதையே செய்கிறோம்.

சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கிய மசூலா படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் நார் வைத்து அடைத்திருப்பார்கள். கயிறும் நாரும் நைந்தால் மாற்றித்தான் படகை அலையில் இறக்கினார்கள். பலகை நன்றாக இருக்கிறதே என்று நைந்த நாரை அவர்கள் நம்பவில்லை. நமக்கும் அதே புத்தி வேண்டும்.

ஆகவே வணிக நண்பர்கள் கவனிக்க வேண்டியவை: ஆயில், ஃபில்டர் வாங்கும்போதே வண்டியின் மாடலைச் சொல்லி வாசரையும் சேர்த்து வாங்குங்கள். அளவும் வகையும் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ரப்பர் வளையம் வரும். கையேட்டில் உள்ளதே முடிவு. பழைய வாசர் சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேலேயே புதியதைப் போட்டால் ஒழுகும். போல்ட்டை முதலில் கையால் ஏற்றி, பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். அன்றிரவு வண்டிக்கு அடியில் ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை சொல்லிவிடும். ஓட்டும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால், கடை பக்கம்தானே என்று ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

உதிரி பாகம் விற்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆயில், ஃபில்டர், வாசர் மூன்றையும் ஒரே கட்டாகத் தாருங்கள். நம் வட்டாரத்தில் ஓடும் சரக்கு வண்டிகளுக்கு எந்த அளவு வாசர் என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கடையில் தொங்கவிட்டால் அனைவருக்கும் உதவும். சங்கமும் இதற்கு ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த முறை பில்லில் வாசர் என்ற வரியைப் பார்த்தால் அடிக்கச் சொல்லாதீர்கள். இல்லாவிட்டால்தான், ஏன் இல்லை என்று கேளுங்கள்.