பெயர் மட்டுமா மாறியது?

நாகர்கோவில் மக்களவைத் தொகுதிதான் பெயர் மாறிக் கன்னியாகுமரி ஆனது, ஆகவே பழைய வாக்குக் கணக்கை அப்படியே ஒப்பிடலாம் என்கிறார்கள். தவறு. முதலாவது, கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி 2004 தேர்தல் வரை திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியோடு இருந்தது. அப்போது குமரிமுனை வாக்காளர் நாகர்கோவில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாவது, 2008 மறுவரையறையில் திருவட்டார் சட்டமன்றத் தொகுதியே நீக்கப்பட்டு, அதன் ஊர்கள் அண்டைத் தொகுதிகளில் சேர்ந்தன. மூன்றாவது, இந்த மாற்றங்களுக்குப் பிறகு, 2009 தேர்தலில், கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒரே மக்களவைத் தொகுதியில் அடங்கின.

பெரும்பகுதி பழைய நிலம்தானே என்பார்கள். உண்மை. ஆனால் ஆறில் ஒன்று புதிதாக வந்திருக்கிறதே, அந்த வாக்குகளை எந்தக் கணக்கில் எழுதுவது? காமராஜர் 1969 இடைத்தேர்தலிலும் 1971இலும் வென்றது நாகர்கோவிலில். இன்றைய கன்னியாகுமரித் தொகுதியில் அல்ல. எல்லையைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிடுவது வரலாறு ஆகாது.