கான்டன் நகரத்து மூடிய அறை

பில் பெலிச்சிக் என்ற பெயர் நம் வாசகர்களுள் பலருக்கு அறிமுகமற்றதாக இருக்கலாம். அமெரிக்கக் கால்பந்தில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அந்த ஆட்டத்தில், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக ஆறு சூப்பர் பௌல் பட்டங்களை வென்றவர். வேறெந்தத் தலைமைப் பயிற்சியாளரும் இத்தனை முறை வென்றதில்லை. ப்ளே-ஆஃப் ஆட்டங்களையும் சேர்த்து 333 வெற்றிகள். அவருக்கு மேலே இருப்பவர் 347 வெற்றிகள் கண்ட டான் ஷூலா ஒருவரே. ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் இருக்கிறது தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபம். அதன் தேர்வுக்குழுவிலுள்ள 50 பேரில் 40 பேரின் வாக்கு இம்மனிதருக்குக் கிடைக்கவில்லை என்ற செய்தி 2026 ஜனவரி இறுதியில் வெளியானது.

பெலிச்சிக்குக்காகக் கண்ணீர் வடிப்பது எங்கள் நோக்கமன்று. அவர் நாளையோ மறுநாளோ உள்ளே போய்விடுவார். ஓராண்டுக் காத்திருப்பில் எவரும் தேய்ந்துபோவதில்லை. குறைந்தது பதினொருவர் அவருக்கு வாக்களிக்கவில்லை என்பது கணக்கு. ஏன் என்பதுதான் கேள்வி. 2007-இல் எதிரணியின் சைகைகளைப் படம்பிடித்த விவகாரத்தில் லீக் அவருக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதைக் கருதி மறுத்தவர் எத்தனை பேர்? அவருடைய கடுகடுத்த முகத்தைப் பிடிக்காமல் மறுத்தவர் எத்தனை பேர்? மண்டபம் வாக்குச் சீட்டுகளை வெளியிடவில்லை. அறைக்குள் நடக்கும் விவாதமும் வெளியே வருவதில்லை. தேர்வாளர் ஒருவர் தம் பத்தியில் வெளிப்படையாக எழுதினார்: பெலிச்சிக் எப்படியும் தேர்வாகிவிடுவார், பழைய ஆட்டக்காரர்களுக்கோ இது கடைசி வாய்ப்பாக இருக்கலாம், ஆகவே என் மூன்று வாக்குகளையும் அவர்களுக்கே அளித்தேன் என்று. அவரைத் திட்டித் தீர்த்தார்கள். எங்களுக்கென்னவோ அந்தக் குழுவில் நேர்மையாக நடந்துகொண்டவர் அவர்தான் என்று தோன்றுகிறது. அவரை அந்த முடுக்கில் கொண்டுபோய் நிறுத்தியது விதி.

அந்த விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முன்பு இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே ஆம், இல்லை என்று வாக்கெடுப்பார்கள். 80 விழுக்காடு கிடைத்தால் தேர்வு. 2023-இல் ஒன்பது பேரும் 2024-இல் ஏழு பேரும் இப்படித் தேறினார்கள். கூட்டம் பெருகுகிறது, மதிப்புக் குறைகிறது என்ற முணுமுணுப்பு எழுந்தது. அதிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2025 தேர்வுக்கென மண்டபம் கண்டுபிடித்த மருந்து விசித்திரமானது. ஓய்வுபெற்று 25 ஆண்டுகளுக்கு மேலான ஆட்டக்காரர் மூவர், ஒரு பயிற்சியாளர், நிர்வாகத்தால் ஆட்டத்துக்குப் பங்களித்த ஒருவர் ஆகிய ஐவரையும் ஒரே தொட்டியில் போட்டார்கள். தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள். ஐம்பது பேர், 150 வாக்குகள். ஐவருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 30. தேறுவதற்கு வேண்டியதோ 40. ஐவருமே தகுதியானவர்கள் என்று குழு முழுதும் மனமார நம்பினாலும் சராசரி தேறாது! அண்மைக்கால ஆட்டக்காரர் பிரிவிலும் இதே கதைதான். கடைசி எழுவருக்காக ஆளுக்கு ஐந்து வாக்குகள், மொத்தம் 250. எழுவருக்குப் பங்கிட்டால் 36-ஐக்கூட எட்டவில்லை. ஒருவர் தேற வேண்டுமானால் இன்னொருவர் கைவிடப்பட வேண்டும்.

விளைவு உடனே தெரிந்தது. 2025-இல் தேறியவர்கள் நால்வர். 2005-க்குப் பிறகு இத்தனை சிறிய அணி இல்லை. 2026-இல் ஐவர்; ஐவர் தொட்டியிலிருந்து கரையேறியவர் ரோஜர் கிரெய்க் மட்டுமே. 1985-இல் ஒரே பருவத்தில் ஓடியும் பந்தைப் பிடித்தும் தலா ஆயிரம் கெஜம் கடந்த முதல் ஆட்டக்காரர் அவர். தகுதியில் குறை சொல்ல ஏதுமில்லை. அவருடன் தொட்டியில் கிடந்தவர்கள் பெலிச்சிக்கும், அவரை வேலைக்கு அமர்த்திய அதே அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்டும், கென் ஆண்டர்சனும், எல்.சி. கிரீன்வுட்டும். முதலாளியும் பயிற்சியாளரும் ஒருவர் வாக்கை ஒருவர் தின்னும்படி ஒரே சீட்டில்! ஒரு பயிற்சியாளரின் வெற்றிகளையும் ஒரு தடுப்பாட்டக்காரரின் தோள்வலியையும் எந்தத் தராசில் நிறுப்பது? நாவலையும் அகராதியையும் ஒரே பரிசுக்குப் போட்டியிட வைப்பதற்கு நிகரானது இது.

இந்த அறையின் பழைய கணக்குகளில் எங்களை மிகவும் உறுத்துவது பாப் ஹேய்ஸின் கதை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்திலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்றவர். பிறகு டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் பந்தைப் பிடிப்பவராக ஆடி சூப்பர் பௌலும் வென்றார். ஒற்றை ஆள் காவல் அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எதிரணிகள் தங்கள் தடுப்பு முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆட்டத்தின் இலக்கணத்தைத் திருத்தியவர் என்று சொன்னால் மிகையன்று. அவர் 2002-இல் இறந்தார். 2004-இல் மூத்தோர் பிரிவில் அவர் பெயர் முன்மொழியப்பட்டு மறுக்கப்பட்டது. குழுவில் இருந்த மூத்த இதழாளர் பால் சிம்மர்மன் அதைக் கண்டித்துப் பதவி விலகினார். ஹேய்ஸ் தேர்வானது 2009-இல். 2004-இல் இல்லாத எந்தத் தகுதி ஐந்து ஆண்டுகளில் இறந்தவருக்கு வந்து சேர்ந்தது? அறை பதில் சொல்லவில்லை. சொல்லக் கடமைப்பட்டதாகவும் அது கருதவில்லை.

ஆட்டக்களத்தில் செய்ததை மட்டுமே கருத வேண்டும் என்பது அங்கு விதி. அதனால்தான் 1985-இல் நுழைந்த ஓ.ஜே. சிம்ப்சனின் சிலை பின்னாளைய எல்லாவற்றுக்கும் பிறகு அங்கேயே நின்றது. சரி, விதி என்றால் விதி. ஆனால் டெரெல் ஓவன்ஸ்? ஓய்வுபெறும்போது பந்தைப் பிடித்துக் கடந்த தூரத்தில் ஆட்ட வரலாற்றிலேயே இரண்டாமிடத்தில் இருந்தவர், மூன்றாம் முறைதான் தேறினார். சக ஆட்டக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை, அணிகளைப் பிளந்தார் என்று வாதிட்டார்கள். உடைமாற்றும் அறையும் ஆட்டக்களத்தின் பகுதியே என்று எல்லையை நீட்டினார்கள். வேண்டியபோது நீட்டவும் வேண்டாதபோது சுருக்கவும் வல்ல எல்லை! ஓவன்ஸ் 2018 ஆகஸ்டில் கான்டன் விழாவுக்குப் போகாமல் தாம் படித்த சட்டநூகா நகரப் பல்கலைக்கழகத்தில் தனியே விழா நடத்திக்கொண்டார். அகம்பாவம் என்றார்கள். இருக்கட்டுமே.

இரகசியத்துக்குச் சொல்லப்படும் சமாதானம் நமக்குப் பழகியதுதான்: வெளியே தெரியும் என்றால் தேர்வாளர்கள் அஞ்சுவார்கள், உள்ளூர் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். இவர்கள் யார்? பெரும்பாலோர் விளையாட்டுப் பத்திரிகையாளர்கள். ஆட்டக்காரர் தவறவிட்ட பந்தைப் பற்றி மறுநாள் காலையில் பெயர் போட்டு எழுதிப் பிழைப்பவர்கள். பிறரை வெளிச்சத்தில் வைத்து அளக்கும் தொழிலில் இருந்துகொண்டு, தங்கள் வாக்குக்கு மட்டும் இருட்டைக் கோருவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? நோபல் குழுவுக்குக்கூட ஒரு காலக்கெடு உண்டு. ஐம்பது ஆண்டுகள் கழிந்தால் பரிந்துரைகளும் கருத்துரைகளும் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படுகின்றன. இலக்கிய வாசகர்களாகிய நாம் ஒவ்வொரு ஜனவரியிலும் அதற்காகக் காத்திருக்கிறோம். பேஸ்பால் எழுத்தாளர்களோ 2016-இல் தங்கள் எல்லா வாக்குகளையும் வெளியிட வேண்டும் என்று தாங்களே வாக்களித்தார்கள். அதைத் தடுத்தது அவ்வாட்டத்தின் புகழ் மண்டபம்! ஆயினும் பலர் தங்கள் சீட்டைக் காரணத்தோடு தாங்களே அச்சிட்டுவிடுகிறார்கள். வசைகள் வருகின்றன, யாரும் செத்துப்போய்விடவில்லை.

கான்டன் முறையில் பாராட்டத்தக்க ஒன்றும் உண்டு. பேஸ்பாலில் தேர்வாளர்கள் தனித்தனியே சீட்டெழுதி அனுப்புவதோடு சரி. இங்கோ கூடிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்காகவும் ஒருவர் எழுந்து வாதிடுகிறார், பிறர் எதிர்க்கிறார்கள். ஓர் ஆட்டத்தின் நூற்றாண்டு நினைவைப் பற்றி அதை நன்கறிந்த ஐம்பது பேர் மணிக்கணக்கில் விவாதிப்பது எத்தனை அரிய விஷயம்! அந்த விவாதத்தைப் பதிவுசெய்து, நோபல் போல ஐம்பது வேண்டாம், பத்தாண்டுகள் கழித்தாவது வெளியிட்டால் அது விமரிசன நூலாகவே நிற்கும். வாக்குகளைப் பொறுத்தவரை அந்தப் பத்தாண்டும் தேவையில்லை. முடிவு வெளியாகும் அன்றே யார் யாருக்கு அளித்தார்கள் என்பதும் வெளியாக வேண்டும். கூடவே ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே ஆம், இல்லை என்ற பழைய முறைக்குத் திரும்ப வேண்டும். கூட்டம் பெருகுவதுதான் கவலையென்றால் இறுதிச் சுற்றுக்கு வருவோரின் எண்ணிக்கையைக் குறைக்கட்டும்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக நான்கு சூப்பர் பௌல் வென்ற கிரீன்வுட் 2013-லேயே காலமாகிவிட்டார். 1981-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஆண்டர்சன் எழுபதைக் கடந்த கிழவர். 2026-இல் அவ்விருவரையும் மறுத்தவர்கள் எத்தனை பேர், என்ன காரணத்தால் என்பதை ஆண்டர்சனிடம் மண்டபம் இன்றே சொல்லலாம்.